ஒரே ஷிஃப்டில் மூன்று மாதம்

ஐரோப்பாவில் மூன்று மாதம் சுற்றிவிட்டு வந்தோம் என்றால் முதல் கேள்வி ஈஃபில் கோபுரம் பார்த்தீர்களா என்பதுதான். பார்க்கவில்லை. பாரிஸ் பக்கமே போகவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்க்கிறார். நாங்கள் போனது பெட்டிகள் போன ஊர்களுக்கு. எங்கள் ஊர் சுங்கை காடுட்டில், தொழிற்சாலை ஒன்றில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலையாக இருந்தது. ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஜெனோவா, ஹாம்பர்க், க்டான்ஸ்க். எல்லாம் என் உள்ளங்கையால் தடவித் தடவி அனுப்பிய பெயர்கள். அட்டைப்பெட்டி போய்ச் சேர்கிற ஊருக்கு நான் போகக் கூடாதா என்கிற வீம்புதான், வேறொன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வேறு தொழிற்சாலை, காலை ஷிஃப்ட். எனக்கு இரவு ஷிஃப்ட். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டது. காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். சின்னவளுக்கு மருந்து கொடுத்தாச்சு, கோப்பி கலக்கி வச்சிருக்கேன் என்பார். கேஸ் முடியப் போகிறது, வரும்போது கடையில் சொல்லிவிட்டு வாருங்கள் என்பேன் நான். சாயங்காலம் இதையே மாற்றிச் சொல்லிக்கொள்வோம். பிள்ளைகள் வளர்ந்து கோலாலம்பூருக்குப் போன பிறகும் நாங்கள் ஷிஃப்டை மாற்றவில்லை, பழகிப்போய்விட்டது. ஒரே வீட்டில் ஆள் மாற்றி ஆள் குடியிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் என் தொழிற்சாலையை மூடினார்கள். அதே வருடம் அவரும் ஓய்வு பெற்றார். இனிமேலாவது இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மனுஷன் பக்கத்து ஊர் லுக்குட்டுக்குப் போய் ஜாகா வேலை பேசிவிட்டு வந்து நிற்கிறார். புதிதாகக் கட்டுகிற கிடங்குக்குக் காவல், இரவு வேலை. காசுக்காகவா என்றால், அதெல்லாம் இல்லை, சும்மா உட்கார்ந்தால் உடம்பு கெட்டுப்போகும் என்கிறார். மிச்சக் காலத்தையும் வாசலில் ஆள் மாற்றித்தான் கழிக்கணுமா? என்னோடு இருக்க இவருக்குப் பிடிக்கவில்லையா? அதை நேராகக் கேட்க எனக்கு, வாயாடி என்று பேர் வாங்கிய எனக்கு, தைரியம் வரவில்லை. முதலில் ஐரோப்பா, மற்றதெல்லாம் பிறகு என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிடங்கு கட்டி முடிய எப்படியும் நாள் ஆகும், திரும்பி வருவதற்குள் முடிவைச் சொன்னால் போதும் என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். அவரும் நம் ஆள்தான், தமிழர்.

மகள் டிக்கெட்டும் அறைகளும் எடுத்துக் கொடுத்தாள். ரோட்டர்டாமில் ஒரு மாடி அறை, ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு. முதல் நாளே நான் கண் விழித்தபோது பொழுது நன்றாக ஏறியிருந்தது, அறையில் ஆள் இல்லை. இவர் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். எந்த ஊரில் படுத்தாலும், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிடுகிற நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். மத்தியானம் திரும்பி வந்தார். பால் வாங்கி வைத்திருக்கிறேன், கீழ்க்கதவுச் சாவி இறுக்கமாக இருக்கிறது, பார்த்துத் திற என்றார். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் தனியாக இறங்கிப் போய் ஆற்றையும் கப்பலையும் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாளும் இதே கதைதான், அதற்கு மறுநாளும். அடப் பாவமே, ஏழு கடல் தாண்டி வந்தும் ஷிஃப்ட் விடவில்லை!

ஆன்ட்வெர்ப்பில் எனக்குப் பொறுக்கவில்லை. மழையில் நனைந்து, ரொட்டிப் பையோடு உள்ளே வந்த மனுஷனைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். ஐரோப்பாவைப் பார்க்க வந்தேனா, இந்த நாலு சுவரைப் பார்க்க வந்தேனா என்று ஆரம்பித்து, ஜாகா வேலை வரைக்கும் போய்விட்டது.

"என்கூட இருக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க" என்றேன்.

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. நனைந்த சட்டையோடு அப்படியே நின்றார்.

"நீ தூங்கறப்ப நான் வீட்டுல இருந்ததே இல்ல. எதையாச்சும் தட்டிவிட்டு உன்னை எழுப்பிடுவேனோன்னு பயமா இருக்கு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ராத்திரி ஜாகா வேலையும் அதற்காகத்தானாம். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போவாராம். பிள்ளைகள் பெரிதான பிறகு அவர் மட்டும் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம், வீடு சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று. நான் கூட்டாளிகளோடு சுற்றுகிறார் என்றே நினைத்திருந்தேன். வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. நாளையிலிருந்து என்னையும் எழுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் எழுப்பவில்லை, மனசு வரவில்லையாம். நானே எழுந்து, அவர் கதவைத் திறக்கிற நேரத்துக்கு ஜாக்கெட்டோடு போய் நின்றேன்.

அன்றிலிருந்துதான் பயணம் ஆரம்பித்தது என்பேன். விடிகாலையில் ஒரு ஊர் யாருக்காகவும் பல்லைக் காட்டுவதில்லை. மீன் பெட்டி இறக்குகிறவர்கள், தெரு கழுவுகிறவர்கள், வேலை முடிந்து தூங்கி வழிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் ஆட்கள் மாதிரியே இருந்தார்கள். ஜெனோவாவுக்கு ரயிலில் போனபோது நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் இவர் வாய்விட்டுப் படிப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு ஸ்டேஷனை அவர் படிக்காமல் விட்டபோது, என்ன ஊர் அது என்று நானே கேட்டேன். வெளியே கடைக்குப் போனால் நான் கோப்பியைத் தொடுவதில்லை என்று அவர் கவனித்தது ஜெனோவாவில். எப்போதிலிருந்து பிடிக்காது என்றார். எப்போதுமே பிடிக்காது என்றேன். அப்படியானால் அத்தனை வருடமாகக் கலக்கி வைத்ததை என்ன செய்தாய் என்று கேட்டார். குடித்தேன் என்றேன். கொஞ்ச தூரம் நடந்தவர், திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் பேசி முடித்த நாளில்கூட இப்படி நினைக்க நேரம் கிடைக்கவில்லை.

ஹாம்பர்க்கில் ஒரு காலை, பஸ் நிற்கும் இடத்தில், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு சின்ன வயதுப் பையன் நின்றிருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அவன் மனைவியாக இருக்க வேண்டும், வேலை உடுப்பில் இருந்தாள். அவன் வண்டியை அவள் கையில் கொடுத்து, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பாஷை புரியவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரைக்கும் இவர் பார்த்துக்கொண்டே நின்றார். பாவம் என்றார். நான் தோண்டவில்லை.

கடைசி ஊர் க்டான்ஸ்க். வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் வடித்த சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளரின் அழைப்பு வந்தது. கிடங்கு தயார், அடுத்த வாரம் வந்துவிடுகிறீர்களா என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. கடலைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரவு வேலை வேண்டாம் என்றார் இவர். அதற்கென்ன, பகல் ஷிஃப்டிலும் இடம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தப் பக்கம்.

"பகலும் வேணாம்ண்ணே. வீட்டுல ஆள் இருக்கு."

எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. சம்பல் கையோடு துடைத்ததில் கண் வேறு எரிந்து தொலைத்தது. இவர் பதறிப்போய்விட்டார். வேலையை விட்டதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமானால் அவரையே திரும்பக் கூப்பிட்டு, வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"பேசாம போனை உள்ள வைங்க" என்றேன்.