எஞ்சினுக்கு எதற்குச் சட்டை?

தொண்ணூறுகளின் கடைசி. ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற மாதம். ராதாபுரம் தாண்டி திசையன்விளை போகும் ரோட்டில், உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில், புகைகிற காருக்குப் பக்கத்தில் ஒற்றை ஆளாக நின்றேன். அந்தக் காரை விற்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வருடம் என் கணவர் ஆசை ஆசையாக வாங்கிய கார் அது. புது மாடல் டீசல் வண்டி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் பானெட்டைத் திறந்து காட்டியாக வேண்டும். இவரும் திறந்தார். உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் அடியில் எஞ்சின் இருக்கும் இடமே தெரியவில்லை.

"என்ன வே, எஞ்சினக் காணோம்?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். மழைத்தண்ணி படாமல் இருக்க என்றார் ஒருவர். நாமாக எதையும் நோண்டக் கூடாது என்று கம்பெனிக்காரன் போட்ட பூட்டு என்றார் இன்னொருவர். என் கணவர் விட்டுக்கொடுப்பாரா?

"அது எஞ்சினுக்குச் சட்டை வே! ஆளு வாற நேரத்துல வெறும் மேலோட நிக்க முடியுமா?"

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மனுஷன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் "எடு எடு, சட்டைய எடு" என்று என்னை விரட்டுவார். நான் வேண்டுமென்றே மெதுவாக எடுத்துக் கொடுப்பேன்.

அந்த மூடியைப் பழைய கட்டம் போட்ட சட்டை ஒன்றால் தினமும் துடைப்பார். வண்டியில் போகும்போது, "ஓடுதா நிக்குதான்னே தெரியல, பாத்தியா?" என்பார். அந்த அமைதியில் அவருக்கு அத்தனை பெருமை.

கார் வந்து ஐந்தாறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வீட்டில் கடிகாரம்கூடக் கொஞ்சம் அடக்கித்தான் ஓடியது. கார் ஷெட்டிலேயே கிடந்தது. அந்தக் கட்டம் போட்ட சட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"மதினி, ஒத்தையில இருந்துகிட்டு காரு எதுக்கு?" என்றார் கொழுந்தனார். திசையன்விளையில் ஒரு வியாபாரி கேட்கிறார் என்றும் சொன்னார். எனக்கும் முடியவில்லை. என் கணவர் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தாலும், தனியாக ஓட்டினால் பக்கத்து சீட் கண்ணில் படும். பேச்சும் இல்லை, சத்தமும் இல்லை. வீடுதான் அப்படி என்றால் வண்டியும் அப்படியே இருந்தது. சரி, போய்த் தொலையட்டும் என்று கிளம்பினேன். கூட வருகிறேன் என்ற கொழுந்தனாரையும் வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியாக ஒரு தடவை நானே ஓட்ட வேண்டும் போலிருந்தது.

ராதாபுரம் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. நிறுத்தி, பானெட்டைத் திறந்தால் மூடியின் ஓரமெல்லாம் புகை. எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. கை வைத்தால் சுட்டது. சுற்றிலும் செம்மண்ணும் பனையும்தான், கூப்பிட ஒரு ஆள் இல்லை. விற்கக் கொண்டுபோன வண்டிதானே என்று மனசு ஆறியதா? இல்லை. "ஐயோ, இதையும் எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க!" என்று போய்ச் சேர்ந்த மனுஷனிடம் கத்தினேன். காற்றில் எனக்கே அது கேட்கவில்லை.

முருங்கைக்காய் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவரும் லோடுமேனும் ஓடி வந்தார்கள்.

"அக்கா, அங்கன தள்ளி நில்லுங்க. ஏலே, சாக்கு எடு! பைய இழு, ஒடிச்சிராத."

சாக்கைப் பிடித்து மூடியைப் பெயர்த்தார்கள். டிரைவர் குனிந்து பார்த்தார். "அடப்பாவி, உள்ள எலில்லா குடும்பம் நடத்திருக்கு!"

தேங்காய் நாரும் வைக்கோலுமாக ஒரு கூடு. சூட்டில் கனிந்து புகைந்துகொண்டிருந்தது. கம்பியால் கோரிக் கீழே தள்ளி, மண்ணைப் போட்டு மிதித்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். நாருக்கு நடுவே நீலக் கட்டம் போட்ட துணி, நார் நாராக. ஷெட்டில் காணாமல் போன சட்டை. அத்தனை மாதமும் எலிக்குஞ்சுகள் அதில்தான் கதகதப்பாகப் படுத்திருக்கின்றன. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து, "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல அக்கா, அழாதீங்க" என்றார் டிரைவர்.

ஒரு ஓரம் உருகிப்போன மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குத்தான் இத மாட்டுதானுவளோ? எலி நனையாம இருக்கதுக்குத்தான் போல." எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அவரே வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பயமில்லாமல் போகலாம் என்று சொல்லி, ஒரு கை முருங்கைக்காயைப் பின்சீட்டில் வைத்தார். ஒற்றை ஆளுக்கு அது ஒரு வாரத்துக்குக் காணும்.

மூடியை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எஞ்சின் கடகடவென்று கேட்டது. அந்த மூடி இல்லாததால் பெரிய வித்தியாசம் வராது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்குக் கேட்டது. மேடு வந்தால் முனகியது, இறக்கத்தில் தணிந்தது. பக்கத்தில் ஒருத்தர் விடாமல் பேசிக்கொண்டே வருவது போல இருந்தது. நானும் பேசினேன். துடைத்த சட்டையை எலிக்கு எட்டுகிற இடத்திலா போட்டுவிட்டுப் போவீர்கள் என்று சண்டைகூடப் போட்டேன். திசையன்விளைக்குப் போகவே இல்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

கொழுந்தனாருக்கு ஏக கோபம். அப்புறம் விட்டுவிட்டார். அந்தக் கார் பல வருடம் என்னோடு ஓடியது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், "மேல் மூடி எங்கம்மா?" என்று கேட்பார்கள். தொலைந்துவிட்டது என்பேன்.

அது ஷெட்டிலேயேதான் இருந்தது. வேற்று ஆள் வந்தால்தானே சட்டை வேண்டும்? வண்டியில் நான் ஒருத்திதான். வீட்டு மனுஷி முன்னால் அவர் எந்நாளும் சட்டை போட்டதில்லை.