இரண்டு வாரம் பின்தங்கிய தொடர்

குறித்த நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சென்று அமர்வது என்னும் பழக்கம் எங்கள் குடியிருப்பில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தில்லி மயூர் விஹாரில் நாங்கள் வசிக்கும் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஐந்து. முன்பெல்லாம் மாலை ஏழு மணிக்கு நான் படியேறி வந்தால், ஒரு தொடரின் தலைப்புப் பாட்டு கீழ்த்தளத்தில் தொடங்கி, என்னோடு மாடி ஏறி, எங்கள் வாசலில் வந்து முடியும். ஒரு வரிகூட விட்டுப்போகாது. இப்போது அதே படிகளில் என் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்கிறது. உள்ளே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கைபேசியில், ஆளுக்கொரு நேரத்தில், காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு. மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் டிஷ் தட்டுகளில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள். எவருடைய வருகைக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தோமோ, அந்தக் கேபிள்காரர் இப்போது இணைய இணைப்புக்கு ஆள் பிடிக்க வந்து போகிறார்.

குறை கூறும் நோக்கத்தோடு இதை எழுதத் தொடங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்குக் கடைநிலை ஊழியனாக வந்தவன் நான். கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில் ஓர் அதிகாரியின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்தே இந்தி கற்றேன். அந்தப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டவன். புதிய கருவிக்கும் அதே நன்றியைச் செலுத்துகிறேன். எனக்கு வாய்க்காமல் போன இலக்கண வகுப்பை இன்று என் கைபேசி நான் கேட்கும் பொழுதெல்லாம், எத்தனை முறை திருப்பச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நடத்துகிறது. ஆகவே பழையதா புதியதா என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்க எனக்குத் தகுதியில்லை. இரண்டுக்கும் நடுவே தமக்கென ஒரு நேர்மையான வழியை வகுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்வதே என் விருப்பம்.

அவர் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்துத் தருபவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தவர். பெரிய சாலைக்கு அப்பாலுள்ள ஜுக்கி எனப்படும் குடிசை வீடுகளில் ஒன்றில் கணவரோடு வசிக்கிறார். இந்தப் பகுதியில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அவற்றுள் எங்கள் வீட்டை நாளின் கடைசி வீடாக வைத்துக்கொண்டது அவருடைய ஏற்பாடு. ஏழு மணிக்குச் சரியாக வந்து, கைகால் கழுவி, மோடா என்னும் பிரம்பு இருக்கையை என் மனைவியின் நாற்காலிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வார். தொடர் முடிந்த பிறகே பாத்திரத்தில் கை வைப்பார். ஒன்பது ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. முழங்கால் வலியால் என் மனைவி வெளியே செல்வது குறைந்துபோன பிறகு, அவருக்கு மனம் விட்டுத் தமிழ் பேசக் கிடைத்த துணை அந்தப் பெண்மணி ஒருவரே. நான் வீட்டில் இருக்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் என் பேச்சைக் கேட்பது செய்தி கேட்பது போல இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து.

சென்ற ஆண்டு குருகிராமிலிருந்து எங்கள் மகன் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

"இனிமே ஏழு மணி, எட்டு மணின்னு காத்திருக்க வேண்டாம்மா. எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

"எப்ப வேணும்னாலும்னா, எப்பல?" என்று கேட்டார் என் மனைவி.

பதில் சொன்னவர் மோடாவில் அமர்ந்திருந்தவர். "ஏழு மணிக்கும்மா. வேற எப்ப?"

அதன்படியே நடந்தது. புதிய பெட்டியும் எங்கள் வீட்டில் பழைய நேரத்துக்கே கட்டுப்பட்டது.

ஆடி மாதம் வந்தது. ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்காக அந்தப் பெண்மணி இரண்டு வாரம் விடுப்புக் கேட்டார். தொடர் திங்கள் முதல் சனி வரை வருவது. ஆகப் பன்னிரண்டு பகுதிகள் அவருக்குத் தவறிப்போகும். அப்போது கதையும் உச்சத்தில் இருந்தது. ஒரு கூட்டுக் குடும்பம். நல்ல குணமுள்ள சின்ன மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஓர் அத்தை சூழ்ச்சி செய்கிறாள்.

"நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்கம்மா. இந்தப் பொட்டியிலதான் நிறுத்தி வைக்கலாமே."

"நிறுத்தி வைக்கேன். நீ பத்திரமா போயிட்டு வா."

ஒருவருக்காக ஒரு தொடரையே நிறுத்தி வைப்பதாக வாக்களிக்க முடிகிற காலத்தில் வாழ்கிறோம் என்று அன்று நான் வியந்தேன். பழைய பெட்டி அரசனுக்காகவும் காத்திருந்ததில்லை.

என் மனைவி நான்கு நாள் வாக்கைக் காத்தார். ஐந்தாம் நாள் நல்ல மழை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஏழு மணியைக் கடத்த அவரால் இயலவில்லை. "ஒண்ணே ஒண்ணு பாரேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொன்னவன் நான். இந்தக் குற்றத்தில் என் பங்கை மறைப்பது முறையாகாது. அந்த ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கிற்று. அதுவும் இக்கருவியின் இயல்பு. மறு வார முடிவில் பன்னிரண்டும் தீர்ந்திருந்தன. ஒவ்வொரு பகுதியின் படத்துக்குக் கீழும், பார்த்து முடித்ததற்கு அடையாளமாக ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

"இந்தக் கோட்ட அழிக்க முடியாதா?" என்று என் மனைவி கேட்டார். எனக்கு அந்த வித்தை தெரியவில்லை. மகனிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண்மணி திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்தார். வளையல், விபூதிப் பொட்டலம், ஒரு பை நிறைய முறுக்கு. மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டே ஊர்க்கதை சொன்னார்.

"தம்பி வூட்ல இன்னும் கேபிள்தாம்மா. டாண்ணு ஏழு மணிக்கு இதையே போட்ருவாங்க. நான் எழுந்து கோயில் பந்தல்ல போயி குந்திக்குவேன். 'டெல்லிக்காரிக்கு வந்த பவுச பாரு'ன்னு தம்பி பொண்டாட்டி ஒரே கிண்டல்."

"பாத்திருக்கலாம்லா?" என் மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க இங்க பாக்காம குந்தியிருப்பீங்க, நான் மட்டும் அங்க பாத்துட்டு வர்றதா? நல்லா இருக்கே கத!"

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். என் மனைவி பெட்டியின் முன் குறுக்காக நின்று, சிவப்புக் கோடு தெரியாதவாறு பன்னிரண்டில் முதலாவதைத் தட்டிவிட்டு வந்து அமர்ந்தார். பத்து நிமிடம் ஒழுங்காகவே கடந்தது. பிறகு திரையில் அந்த அத்தை ஒரு தட்டில் லட்டுகளோடு சிரித்த முகமாய்ச் சின்ன மருமகளின் அறைக்குள் நுழைந்தாள். என் மனைவி தம்மை மறந்து கத்தினார்.

"லட்ட வேணும்னா தின்னுட்டி, கையெழுத்து மட்டும் போட்டுராத!"

திரையில் அப்போது காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. லட்டு மட்டுமே இருந்தது.

"எந்தக் கையெழுத்தும்மா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

சற்று நேரத்தில் அத்தை தன் சேலை மடிப்பிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண்மணி திரையைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "சார், அந்த லிஸ்ட்ட காட்டுங்க" என்றார். காட்டினேன். பன்னிரண்டு சிவப்புக் கோடுகள்.

"பன்னெண்டும் ஆயிடுச்சு" என்றார், கோபம் சிறிதும் இல்லாத குரலில். எழுந்து போய்ப் பாத்திரங்களைத் துலக்கினார். வழக்கத்தைவிடச் சுத்தமாகவே துலக்கினார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். முறுக்குப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்து வேலையை முடித்துவிட்டுச் சென்றார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அவ்வாறே. கேட்டதற்குப் பதில் சொன்னார், உட்காரவில்லை. மாலை ஏழு மணிக்கு மோடா வெறுமையாக இருந்தது. என் மனைவி பெட்டியைத் தொடவில்லை. முறுக்கையும் தொடவில்லை. ஒன்பது ஆண்டுப் பழக்கம் முறிந்துவிடுமோ என்னும் அச்சத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லையாயினும், "காலையில வாறதுதான் அவளுக்கு வசதியோ?" என்று ஒரே கேள்வியை என்னிடம் நான்கு முறை கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார். பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடித்து வீடு திரும்பும் அந்தப் பெண்மணி எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாயிற்காவலர், "ஆன்ட்டி ஜி, பைட்டியே, பைட்டியே" என்று தம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தந்துவிட்டு நின்றுகொண்டார்.

அவர் வந்ததும் என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தப்பு எம்மேலதான். தனியா இருக்க முடியல, பாத்துட்டேன். பாத்தத அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதச் சொல்லாதது அதவிடப் பெரிய தப்பு."

"முட்டி வலியோட எதுக்கும்மா எறங்குனீங்க? குந்துங்க மொதல்ல."

"நீ சாயங்காலம் வருவியா, மாட்டியா?"

காவலர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் பெரிது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

"பாத்தது பாத்தாச்சு, அத கண்ணுலேர்ந்து கழட்டியா வைக்க முடியும்? ஆனா பன்னெண்டையும் எங்கூட குந்தி மறுபடி பாக்கணும். நடுவுல வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன்."

"லட்டு வந்தாலும்."

"எது வந்தாலும் தொறக்க மாட்டேன்ட்டி!"

அவர்கள் சிரித்தபோது காவலரும் சிரித்தார். நான் குறுக்கிட்டு, ஒரு நாளைக்கு இரண்டாகப் பார்த்தால் விரைவில் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடலாமே என்று யோசனை கூறினேன்.

"வாணாம் சார். ஒண்ணு பாத்துட்டுப் போனா, நாளைக்கு என்னா ஆவும்னு நாலு வூடு வேல செய்யிற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருப்பேன். ரெண்டாப் பாத்தா எனக்கு நெனைக்க என்னா இருக்கு?"

தொலைக்காட்சியைக் குறித்தும் அதன் வீழ்ச்சியைக் குறித்தும் கற்றவர்கள் எழுதிய கட்டுரைகள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு நாள்தான் தொடரின் பெரும்பகுதி என்பதை எவரும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

அன்று மாலையிலிருந்தே தொடங்கினோம். என் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பன்னிரண்டு மாலைகளைக் கழித்தார். பதின்மூன்றாம் நாள் இருவரும் சமநிலையை அடைந்தனர். முன்னால் இருப்பது இன்னதென்று இருவருக்குமே தெரியாது. அத்தை மீண்டும் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, "பாவி வந்துட்டா!" என்று என் மனைவியும், "நாசமாப் போறவ!" என்று அந்தப் பெண்மணியும் ஒரே கணத்தில் கத்தினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து வெகுநேரம் சிரித்தார்கள். "சார், திருப்பிப் போடுங்க. சிரிச்சதுல அவ சொன்னது கேக்கல" என்று எனக்கு உத்தரவு வந்தது. திருப்பிப் போட்டேன். பழைய பெட்டியில் இது நடந்திருக்காது.

அன்றிலிருந்து இன்றுவரை உலகம் எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. எட்டிப் பிடிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. என் மனைவி தம்மை முழுவதும் நம்பாமல், பகல் வேளையில் ரிமோட்டை என்னிடம் ஒப்படைத்துவிடுகிறார். அது என் சட்டைப்பையில் என்னோடு பூங்காவுக்கு நடக்க வருகிறது. உடன் நடக்கும் பஞ்சாபி நண்பர் அதைப் பார்த்து, வீட்டில் சண்டையா என்று கவலையோடு விசாரித்தார். "அமானத் ஹை" என்றேன். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அறிந்ததும் அவர் மேலே கேட்கவில்லை.

சென்ற வாரம் ஒரு நாள் அந்தப் பெண்மணி ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே மூச்சிரைக்க வந்தார். மோடாவைத் தேடாமல் வாசலிலேயே நின்றார்.

"அம்மா, ஒரு விசயம் தெரிஞ்சு போச்சும்மா. நானா கேக்கல. கீழ் வூட்டு அக்கா கத பேச வந்தாங்க. 'ஒரு வார்த்த சொல்லாதீங்கக்கா, நாங்க இன்னும் வளைகாப்புக்கே வரல'ன்னேன். 'வளைகாப்பா? கத ஒரு வருசம் தாண்டி, கொழந்த நடக்கவே ஆரம்பிச்சிடுச்சே!'ன்னு சொல்லிட்டாங்க... ஐயோ, நானும் சொல்லிட்டேனே! உங்கள கேட்டுட்டுச் சொல்லலாம்னுதான் ஓடியாந்தேன்."

என் மனைவி தாமாக ஒப்புக்கொள்ளப் பல நாளும் இரண்டு மாடிப் படிகளும் தேவைப்பட்ட ஒன்றை, அவர் பத்து நிமிடத்தில் செய்துவிட்டார். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"சொன்னது நல்லதாப் போச்சுட்டி. ஒனக்குத் தெரிஞ்சா எனக்கும் தெரியணும்" என்றார் என் மனைவி. பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தப் பாவி என்ன பண்ணியும் பிள்ள நல்லபடியா பொறந்துட்டுது!"

"நடக்குதும்மா!"

"ஆணா, பொண்ணா?"

"அத அவங்க சொல்றதுக்குள்ள காதப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்."