மழைமானி காட்டிய பூஜ்யம்

என் மனைவி பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. பாலம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஓடைக்குள் இறங்கி ஏறும் சிமெண்டுப் பாதை, அவ்வளவே. கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடுகள் படுத்துக் கிடக்கும். மீதி இரண்டு மாதம் என் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

காலையில் அவள் மதுரையிலிருந்து பஸ்ஸில் உசிலம்பட்டி போவாள். அங்கே ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் ஓட்டினால் பள்ளி. சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவாள். நான் சிம்மக்கல்லில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். பவர் கால் புள்ளி முன்னே பின்னே போனாலும் தலைவலிக்கிறது என்று ஆள் திரும்பி வந்து நிற்பார். அதனால் எண்ணில் சொன்னால் நம்புவேன், வாயால் சொன்னால் மறுபடி ஒருமுறை கேட்பேன். இதற்கு என் வீட்டில் வைத்திருக்கும் பெயர் பயந்தாங்கொள்ளித்தனம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாலையில் அவள் அந்த ஓடையின் அக்கரையில் இரண்டு மணி நேரம் நின்றாள். போனில் சார்ஜ் இல்லை. பள்ளிக்கூடத்து ஊரில் அன்று ஒரு தூறல்கூட விழவில்லை. மேற்கே மலையடிவாரத்தில் கொட்டிய மழை, ஒரு மணி நேரம் கழித்து ஓடை வழியாக வந்து பாலத்தை மூடியிருக்கிறது. அவள் தண்ணீர் வடிகிற வரைக்கும் நின்று, ஆற அமர வீடு வந்து சேர்ந்தாள். நான் அதற்குள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று விசாரித்துவிட்டிருந்தேன்.

"தண்ணி கலர் மாறிச்சு, நின்னுட்டேன். இதுக்குப் போயி சாப்பிடாமயா உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. டிவியில் வானிலை அறிக்கை சொல்கிறவர் 'தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்பார். அந்த ஓர் இடம் எது, இரண்டாம் இடம் எது என்று யார் சொல்வது? எனக்கு வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். மலையடிவாரத்தில் அப்பா கட்டிய வீடு. அந்த ஓடை எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அப்பா போன பிறகு அக்காவும் மச்சானும் அங்கேயே இருந்து காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் வந்தால் தினமும் மூன்றரை மணிக்கு அக்காவுக்குப் போன் போடுவேன்.

"ஏண்டா, மழை பெஞ்சா நானே கூப்பிட மாட்டனா? மாட்டுக்குத் தண்ணி காட்டுறதா, ஒனக்கு வானத்தப் பாத்துச் சொல்றதா?" என்று ஏசுவாள். ஆனால் சொன்னபடி கூப்பிடவும் செய்வாள். "தம்பி, இங்க சடசடன்னு அடிக்குது. அவள நிக்கச் சொல்லு" என்பாள். நான் உடனே பள்ளிக்குப் போன் போட்டு, ஒன் மதினி நிக்கச் சொல்றா என்பேன்.

அக்காவைத் தினமும் நச்சரிப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் அந்த இயந்திரத்தை வாங்கினேன். வீட்டில் வைக்கும் வானிலை நிலையம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. மாடியில் கம்பத்தில் பொருத்தும் ஒரு வெள்ளைக் கருவி. அதில் காற்றுக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள், திசைகாட்டும் வால், மேலே மழையைப் பிடிக்க ஒரு புனல். புனலுக்குள் ஊசித்துளை மாதிரி ஓர் ஓட்டை, அதன் கீழே சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் குழியுள்ள ஒரு சின்னஞ்சிறு தட்டு. ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்ததும் அது சாயும்; சாய்ந்த தடவைகளை எண்ணி மழை இத்தனை மில்லிமீட்டர் என்று வயரே இல்லாமல் கீழே வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு அனுப்பும். திரை அங்கிருந்து வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பமும் கிளாம்புமாக அங்கே போய் இறங்கினேன். மச்சான் கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்திருந்தார். கம்பம் அரை இஞ்சு சாய்ந்தாலும் மழைக் கணக்கு தப்பும் என்று நான் நாலு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

"மாப்ள, இம்புட்டு மட்டம் பாத்து நம்ம வீட்டுச் சொவரே கட்டல" என்றார் மச்சான்.

கம்பம் நின்றது. ஆனால் கீழே திரையில் வெறும் கோடுகள்தான் வந்தன. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். முதலில் எதற்குப் போடுவது, கருவிக்கா திரைக்கா என்று புத்தகத்தில் ஒருவிதமாகவும் பெட்டியில் வேறுவிதமாகவும் இருந்தது. பூஜை அறையில் சிக்னல் இல்லை, நடு வீட்டில் இல்லை. கடைசியில் ஃபிரிட்ஜுக்கு மேல், ஜன்னலை ஒட்டி வைத்தபோது எண்கள் வந்தன. வைஃபை கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்துவிட்டு நான்காவது தடவை மச்சானையே அடிக்கச் சொன்னேன். பிறகு மாடியேறி ஒரு டம்ளர் தண்ணீரைப் புனலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். போனில் மழை ஏறியது. எனக்கு அப்படியொரு நிம்மதி. அக்காவைக் கூப்பிட்டு, "இத யாரும் தொடக் கூடாது. தூசி இருந்தாக்கூட நான் வந்து தொடச்சுக்கிறேன். நீ கைய வச்சா மட்டம் போயிரும்" என்று இரண்டு முறை சொன்னேன்.

அன்றிலிருந்து அக்காவுக்குப் போன் போடுவதை நிறுத்தினேன். கடை மேசை இழுப்பறையைத் திறந்தால் போதும், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் எங்கள் மாடியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தது. இரண்டு முறை மழை பெய்து இரண்டு முறையும் சரியாகக் காட்டியது. மனைவிகூட, "வானிலை ஆபீசர் என்ன சொல்றாரு?" என்று கேலியாகவாவது கேட்டுவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தாள்.

புரட்டாசி அமாவாசை வந்தது. அப்பாவுக்குப் படைத்துக் காக்காவுக்குச் சோறு வைக்க வேண்டியவன் நான். கடையில் லீவு கிடைக்கவில்லை. நானே வச்சிர்றேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, வச்ச ஒடனே வந்துருச்சுடா. சோத்தையும் வடையையும் கவ்விக்கிட்டு நேரா ஒன் டப்பா மேல போயி உக்காந்துக்கிருச்சு. அங்கதான் வச்சு வச்சுச் சாப்பிடுது. அப்பாவுக்கு நீ மாட்டுனதுதான் பிடிச்சிருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. லென்ஸைத் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பா வந்து உட்கார்ந்தாராமே என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். இருபது வருடமாக ஒரு தூசியைக்கூட லென்ஸில் தங்கவிடாதவன், அந்தச் சோறு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

நாலரை மணிக்கு மனைவி பள்ளியிலிருந்து கூப்பிட்டாள்.

"மேக்க கருகருன்னு கெடக்குங்க. கெளம்பவா, செத்த நின்னு வரவா?"

போனைப் பார்த்தேன். முப்பத்து நாலு டிகிரியாக இருந்த வெயில் இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. காற்றும் ஏறியிருந்தது. ஆனால் மழை என்ற கட்டத்தில் பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூஜ்யம். என்னை நானே அதட்டிக்கொண்டேன். எத்தனை நாள்தான் இப்படிப் பயந்து சாவாய், கருவி சொல்கிறது, கேளேன் என்று. என் வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் பயத்தை அடக்கினேன்.

"பொட்டுத் தண்ணி இல்ல. பூஜ்யம். தைரியமா கெளம்பு" என்றேன்.

ஐந்து மணிக்குள் அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும். ஐந்தே கால் ஆயிற்று. கூப்பிட்டால், போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் வந்தது. மறுபடி போட்டேன். அதே குரல். சார்ஜ் இல்லாமல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கையில் இருந்த லென்ஸ் ஃபிரேமுக்குள் உட்காராமல் நழுவியது. இழுப்பறையைத் திறந்தேன். இன்னமும் பூஜ்யம். அப்புறம்தான், வாரக்கணக்காகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

அவள் குரலுக்கு முன்னால் மழைச் சத்தம் வந்தது. தகரக் கொட்டகை மேல் விழும் சத்தம்.

"மூணே முக்காலுக்குப் பிடிச்சதுடா. இன்னும் விடல. ஓட ரெண்டு கரையும் தொட்டுப் போகுது" என்றாள்.

"ஏங்க்கா என்னைக் கூப்பிடல?"

"ஒனக்குத்தான் டப்பா சொல்லுமேன்னு பேசாம இருந்தேன்" என்றாள்.

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆட்டோவில் ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. பாலம், சிவந்த தண்ணீர், அவளுடைய நீல ஸ்கூட்டர் என்று கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. கிளம்பு என்று சொன்ன வாயை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. செல்லம்பட்டி தாண்டும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தாங்க. இருக்கேன்" என்றாள் அவள்.

பஸ்ஸில் அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ ஒருவர் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. களையெடுத்துவிட்டு வந்த மூன்று பெண்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கரையில் நின்றிருக்கிறார்கள். எறங்காத டீச்சர் என்று கத்தியிருக்கிறார்கள். இவள் பாதி தூரம் போனபோது தண்ணீர் வண்டியை இழுத்தது. அவர்கள் மூவரும் கைகோத்து இறங்கி, இவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். வண்டி போய்விட்டது. போனும் போய்விட்டது.

"தண்ணி கலர் மாறுனத நீ பாக்கலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாத்தேன்" என்றாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "என்னைக்கும் நிக்கிறவதான நான். இன்னைக்கு, மேல மழையே இல்லைன்னு நீங்க சொன்னீங்க. அப்ப இது யாரோ தோட்டத்துல தெறந்து விட்ட தண்ணின்னு நெனச்சு எறங்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். வானம் பளிச்சென்று இருந்தது. மாடியில் புனல் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. அடியில் சோறும் வடையும் பசையாகி ஓட்டையை அடைத்திருந்தன. ஒரு பருப்பு மேலே மிதந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் சட்டைப்பையில் இருந்த போனில், அந்த வெயிலில், மழை ஏறியது. மூன்று, ஏழு, பன்னிரண்டு. நேற்றுப் பெய்ததை எனக்கு இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சோறு உள்ள விழுந்தத நேத்தே பாத்தேன்டா. ஒரு விரல விட்டா எடுத்திருப்பேன். தொடக் கூடாதுன்னு சொன்னியே."

அடியில் மிச்சமிருந்த பசையை நானே விரலை விட்டு வழித்தெடுத்தேன்.

புனலுக்கு மேல் கம்பிவலை போட்டாயிற்று. கருவி இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. மனைவி வேறு வண்டியில் அதே பாலத்தைத்தான் தாண்டுகிறாள். நான் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடுகிறேன். கார்த்திகையில் ஒரு நாள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நாலரை ஆகியும் அவளிடமிருந்து போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். கருவியில் ஒன்பது மில்லிமீட்டர் காட்டியது. இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வைத்திருந்தேன்.

"மேல மழை..." என்று ஆரம்பித்தேன்.

"மதினிகிட்ட கேட்டுட்டேங்க. பெய்யுதாம், நிக்கிறேன்" என்றாள். "நீங்க வேலையப் பாருங்க."