மூசா தின்ற கோழி

சென்ற வியாழக்கிழமை ஆபீஸில் பெரிய துரை என் பக்கமாகக் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு, "கோட்டில் என்ன மஞ்சள் கறை?" என்றார்.

என்ன பதில் சொல்வது? "காலையில் ஒரு பெட்டைக் கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன், ஸார்" என்றா? கப்பல் கம்பெனியில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்ப்பவன் சொல்லக்கூடிய பதிலா அது? "மருந்து, ஸார்" என்று மட்டும் சொன்னேன். உடம்பு சரியில்லாதவன் நான்தான் என்று நினைத்து, அரைநாள் லீவு கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கோழிக்காக லீவு வாங்கிய கிராணி பினாங்கில் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். சங்கம் வைத்துக்கொள்ளலாம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

போன மாதம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில், தண்ணீர்மலை ரோட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் என் கையாலேயே கோழிக்கூடு கட்டிய பிரதாபத்தை எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? பால் டின் வந்த மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதிகம் ஆணி அடிக்காமல், கயிற்றாலேயே கட்டி... "இதை எவரும் செய்யலாம்" என்று பெருமையாக முடித்திருந்தேன். அதை நம்பி யாராவது கூடு கட்டியிருந்தால், தயவுசெய்து படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் அதைப் பிரித்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

பிரித்தாயிற்றா? சரி.

அந்தக் கூட்டில் நாலு கோழிகள். அவற்றில் சீமாட்டி என்பது என் மனைவி தெய்வானையின் சொந்தக் கோழி. நடையைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் மதிக்காமல் நடக்கும். என்னை நிச்சயமாக மதிக்காது.

தெய்வானை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்திறங்கிய புதிதில் வாயே திறக்க மாட்டாள். சுற்றிலும் மலாய்க்காரர், சீனர். நான் காலையில் பஸ் ஏறினால் மாலையில்தான் திரும்புவேன். "எனக்கு இங்க யாருங்க இருக்கா?" என்று தினமும் ஒரே பல்லவி. துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு கோழிக்குஞ்சை வாங்கி வந்தேன். அது வேலி தாண்டுகிற ஜாதி. தினமும் எவர் வீட்டுக்குள்ளாவது புகுந்துவிடும். இவளும் பின்னாலேயே போவாள். "என் கோழி இங்கே வந்ததா?" என்று கேட்பதற்காகவே மலாய் கற்றுக்கொண்டாள். கேட்ட வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த வீடுகளிலெல்லாம் சிநேகமாகிவிட்டாள். இன்று எங்கள் ரோட்டில் என்னை யாருக்கும் தெரியாது. "சீமாட்டி வீட்டுக்காரர்" என்றால்தான் தெரியும்.

என் மலாயோ சாப்பாட்டோடு சரி. எத்தனையோ வருஷம் சூலியா தெருவில் தமிழர்களோடு தங்கி, ஆபீஸில் இங்கிலீஷ் எழுதிப் பிழைத்தவன். மாக்கான் என்றால் சாப்பிடுவது. ஆயாம் என்றால் கோழி. இந்த இரண்டு வார்த்தையும் தெரிந்தவன் பினாங்கில் பட்டினி கிடக்க மாட்டான் என்று பெருமையடித்துக்கொள்வேன். ஒரு மனிதன் அடிமுட்டாளாவதற்கும் அந்த இரண்டு வார்த்தையே போதும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இனி மூசா அண்ணன். ரோட்டு முனையில் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். ராமநாதபுரத்துப் பக்கம். நல்ல ஆகிருதி. நெஞ்சு வரை தாடி. பாண்டான் இலை போட்டு அவர் சோறு வடித்தால் அந்த வாசனை பஸ்ஸை நிறுத்தும். மாலையில் கடையில் மிஞ்சிய சோற்றை ஒரு டின்னில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்கேட்டுக்கு வருவார். கரண்டியால் டின்னை 'டொக் டொக்' என்று தட்டுவார். எங்கள் கோழிகள் பறந்துகொண்டு ஓடும். அத்தனை நல்ல மனிதர்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் எழுந்து போனால் கூட்டின் மேல்பலகை சரிந்து கிடக்கிறது. ஒரு கோழியைக் காணோம். இறகுதான் இருக்கிறது. இரண்டு கோழிகள் கிணற்றடியில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. வாழை மரத்தடியில் சீமாட்டி. முதுகுத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. ஒரு கால் ஊன்ற முடியவில்லை. தெய்வானை அதை அள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் என் கட்டடக் கலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் அடுத்த வீட்டு மலாய்க்காரர் பாக் மாட் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார். கூட்டைச் சுற்றி வந்தார். குனிந்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூசா..." என்று மூக்கால் ஓர் இழுப்பு இழுத்து, "மாக்கான் ஆயாம்!" என்றார்.

மூசா! கோழியை! தின்றார்!

மலாய் தெரிந்த வாசகர்கள் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

"மூசாவா?" என்றேன் நம்பாமல். "யா லா!" என்று அடித்துச் சொன்னார். கன்னத்துக்கு இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மயிர் மயிராக இழுத்துக் காட்டினார். தாடி! "மாலாம்" என்றார். ராத்திரி வந்திருக்கிறார்! கடைசியாக மூக்கைத் தொட்டுக்கொண்டு, "பாண்டான்" என்றார். நானும் குனிந்து முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் — கூட்டுக்குள் கமகமவென்று பாண்டான் வாசனை அடித்தது. மூசா அண்ணன் கடையேதான்.

ஒரு சாட்சி, ஓர் அடையாளம், ஒரு வாசனை. இதற்கு மேல் கோர்ட்டுக்கு என்ன வேண்டும்? அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது கடையை எட்டிப் பார்த்தேன். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அது தினமும் கொதிப்பதுதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தினமும் நம் கோழிகளுக்குச் சோறு போட்டாரே, எதற்காக? கொழுக்க வைக்கத்தான்! இதைக் கண்டுபிடித்தபோது என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

தெய்வானையிடம் சொல்லவில்லை. மூசா அண்ணன் சம்சாரம் பாத்திமா அவளுக்கு உயிர்ச் சிநேகிதி. அவள் மனசை உடைப்பானேன்? "பாக் மாட் என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள். "எது வந்ததுன்னு அவருக்கே தெரியலையாம்" என்று மழுப்பிவிட்டேன்.

பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டுமே? செய்தேன். டவுனுக்குப் போய்ப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிவந்து பின்கேட்டில் போட்டேன்.

"பூட்டு எதுக்குங்க? கூட்டு மேல பலகையை நல்லா ஆணி வச்சு அடிங்களேன்" என்றாள்.

"இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

அன்று மாலை வழக்கம்போல் 'டொக் டொக்' கேட்டது. ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். "கிராணியாரே! என்ன, கேட்டுல பூட்டு தொங்குது? ஊருக்குப் போயிட்டீங்களா?" மூச்சு விடவில்லை நான். அடுப்படியில் கூடைக்குள் கிடந்த சீமாட்டி மட்டும் அந்தச் சத்தம் கேட்டுக் கழுத்தைத் தூக்கியது. பாவம், எதிரியின் சத்தத்தைக் கேட்டு நடுங்குகிறது என்று நினைத்தேன். மூசா அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வைத்தியம் நடந்தது. தினமும் காலையில் ஆபீஸ் புறப்படுவதற்கு முன் நான் கோழியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெய்வானை வெந்நீரில் புண்ணைக் கழுவி, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவாள். ஒரு நாள் நானும் என் பங்குக்கு டிங்சர் அயோடினை ஊற்றினேன். சீமாட்டி என் கட்டைவிரலைக் கொத்தியது. மீதி டிங்சர் எனக்குப் பயன்பட்டது.

புண் காய்ந்துகொண்டுதான் வந்தது. ஆனால் கோழி தின்னவில்லை. குருணை வைத்தாள், தொடவில்லை. ஊறவைத்த அரிசி, கரப்பான்பூச்சி... எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அலகைத் திறந்து தண்ணீர் விட்டால் பாதி வெளியே வந்தது. நாளுக்கு நாள் கையில் எடை குறைவது தெரிந்தது.

இதற்கிடையில் இன்னொரு கோழியும் போயிற்று! பூட்டு போட்ட இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. வேலியில் ஒரு குச்சி வளையவில்லை. மூசா அண்ணன் உடம்போடு ஒரு மனிதன் இந்த வேலியை எப்படித் தாண்டினான்? இந்தக் கேள்வி வந்ததுமே என் வழக்கு உடைந்திருக்க வேண்டாமா? இல்லையே! 'ஆள் கில்லாடி' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தெய்வானை அன்று கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "இதுவும் போயிடுச்சுன்னா நான் எந்த வீட்டுக்குப் போயி எதைத் தேடறது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, அன்று காலை ஆபீஸுக்குப் போக எனக்கு மனசே வரவில்லை.

அந்த நாள்தான் துரை கோட்டை முகர்ந்த நாள்.

அரைநாள் லீவில் வீட்டுக்கு வருகிறேன். பின்கேட் விரியத் திறந்து கிடக்கிறது. பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டு, அது தெய்வானையிடம் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அடுப்படி வாசலில், கூடைக்குப் பக்கத்தில், மணைப்பலகை நிறைய உட்கார்ந்திருக்கிறார் மூசா அண்ணன். தாடி கூடைக்குள். இரண்டு கையும் கூடைக்குள்.

பட்டப்பகலில்! என் வீட்டில்!

"மூசா அண்ணே! கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன். குடையைக்கூட ஓங்கியிருந்தேன் என்று தெய்வானை சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

"ஷ்ஷ்... கத்தாதீங்க கிராணியாரே" என்றார் அவர், திரும்பாமலே. "இப்பத்தான் தின்ன ஆரம்பிச்சிருக்கு."

எட்டிப் பார்த்தேன். இடது கையில் டின் மூடி. வலது கையால் அதை மெதுவாக, 'டொக்... டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கொஞ்சம் சோறு. சீமாட்டி கழுத்தை நீட்டி, ஒவ்வொரு பருக்கையாகக் கொத்திக்கொண்டிருந்தது. கொலையாளி என்று நான் முடிவு கட்டியவர் கையிலிருந்து, கொல்லப்பட இருந்த கோழியே தின்கிறது!

"அந்தச் சத்தம் கேட்டாத்தான் தின்னுது பாருங்க" என்றாள் தெய்வானை. கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "பாத்திமா அக்கா கிட்ட அழுதேன். அண்ணன் கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டாரு."

என் மண்டைக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. "அப்போ பாக் மாட் ஏன் மூசா மாக்கான் ஆயாம்னு சொன்னாரு?" என்று வாய்விட்டே கேட்டுத் தொலைத்தேன்.

தெய்வானை சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, மூசா இல்லீங்க... மூசாங்! மூசாங்! மரநாய்! ராத்திரியில மரத்து வழியா வரும்... மீசை இருக்கும்... அது மேலதாங்க பாண்டான் வாசம் அடிக்கும்!"

பாக் மாட் மூக்கால் இழுத்தாரே ஒரு 'ங்'... அந்த ஓர் எழுத்தில்தான் மூசா அண்ணனின் மானம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மூசா அண்ணன் டின் மூடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான் பூட்டா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கப்பலில் இடம் கிடைத்தால் அன்றைக்கே நாகப்பட்டினத்துக்கு ஏறியிருப்பேன், அத்தனை வெட்கம். "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "கிராணியாரே, எனக்குக் கோழி வேணும்னா நான் ஏன் ராத்திரியில வேலி தாண்டுறேன்? பகல்ல வந்து கேட்டா தங்கச்சி குடுத்துட்டுப் போவுது லா!" என்றார். அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. சீமாட்டி பொறுமையிழந்து டின் மூடியைக் கொத்தியது. அவர் மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் கூட்டைப் பிரித்தார்கள். பாக் மாட் கூட்டுக்கு மேலே நீண்டிருந்த ரம்புத்தான் கிளைகளை வெட்டி, மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தார். மூசா அண்ணன் கம்பிவலை கொண்டுவந்து மேலும் கீழும் அடைத்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். அதிலும் சின்ன ஆணியைக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். பிறகு மரநாய் வந்து கம்பிவலையைச் சுரண்டிப் பார்த்திருக்கிறது, அடையாளம் இருந்தது. உள்ளே நுழைய முடியவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். புரியாத வார்த்தை ஒன்று காதில் விழுந்தால், "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல நமக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது! அதைத் தூக்கித் தெரிந்த மனிதர் ஒருவர் தலையில் போட்டுவிடுகிறோம். அவருக்குத் தாடி வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சீமாட்டி இப்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறது. கர்வம் குறையவில்லை. முந்தாநாள் வேலி தாண்டி பாக் மாட் வீட்டுக்குள் போய்விட்டது. தெய்வானை மலாயில் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். நெடுநேரம் கழித்துத்தான் இருவரும் திரும்பி வந்தார்கள். காப்பிக்குத் தாமதம். நான் முணுமுணுக்கவில்லை.

மூசா அண்ணனும் பழையபடி மாலையில் டின்னோடு வருகிறார். ஆனால் இப்போது கரண்டியால் தட்டுவதற்கு முன்னால், ரோடு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறார்:

"கிராணியாரே... மூசாங் வந்திருக்கு, கோழியை எண்ணி வச்சுக்குங்க!"