ஒண்ணு ரெண்டு சொன்ன குரல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு நஷ்டமில்லை. இது நடந்தது என் அக்கா வீட்டில். அனுபவித்தவர் அவள் புருஷன். மாமா லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை பார்க்கிறவர், பயம் என்ன விலை என்று கேட்பார். அப்படிப்பட்டவர் இதை என்னிடம் சொல்லும்போது நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய்த் தன் பின்னால் இருந்த கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

அக்கா ஒரு ராக் ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். பாட்டெழுதுவது, மெட்டு, கிட்டார், குரல் எல்லாம் அவளே. எல்லாம் பதிவான பிறகு மிக்ஸிங் மட்டும் நான். பழைய பெட்டிகள் கிடந்த சின்ன அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கம்பளியை ஒட்டி, கதவைச் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டுப் பாடுவாள். வெளிச்சம் இருந்தால் அவளுக்குக் கூச்சம். மாமா வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் பதிவு செய்வாள்.

மாமாவுக்குப் பாட்டு பிடித்திருந்தது. அதில் அடிக்கடி வந்த ‘நீ’தான் பிடிக்கவில்லை. ‘பின்னால் நில், பெயர் கேட்க மாட்டேன்’ என்று ஒரு வரி. பன்னிரண்டு வருஷம் கூடவே குப்பை கொட்டிய புருஷனை நினைத்து எவளாவது இப்படி எழுதுவாளா? வயிறு எரியத்தான் செய்யும். மாமாவுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போயிருந்தாள். மாமா ஹெட்போனை மாட்டி, அவள் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டார். பாட்டு தொடங்கும் முன்...

“ஒண்ணு... ரெண்டு...”

ஆண் குரல். கிசுகிசுப்பு. மைக்குக்கு வெகு அருகில்.

அடுத்த பாட்டைப் போட்டார். அதிலும் இருந்தது. எல்லாப் பாட்டிலும் இருந்தது.

வரிகளுக்கு நடுவே மூச்சும் கேட்டது. அவள் மூச்சை இழுக்கும்போது இன்னொரு மூச்சு வெளியே வந்தது.

அக்கா திரும்பி வருவதற்குள் மாமா ஹெட்போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, மாடிப்படி வளைவில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு ஒரே வாசல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. பதினொன்று ஐந்துக்கு கிட்டார் கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அறைக் கதவில் காதை வைத்தார்.

அக்கா சிரித்தாள். மெதுவாக, கொஞ்சலாக. அவரிடம் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

பிறகு...

“ஒண்ணு... ரெண்டு...”

“யாருடி உள்ள?”

கதவை உதைத்தார். தாழ்ப்பாள் தெறித்தது.

இருட்டு.

சுவிட்சைத் தட்டினார்.

அக்கா மட்டும்தான் இருந்தாள். காதில் ஹெட்போன், மடியில் கிட்டார். ஜன்னல் இல்லாத அறை. ஒளிய ஒரு மூலை இல்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே நிற்கிறவரைப் பார்த்தாள். சட்டென்று பின்னால் திரும்பினாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“நீங்க... முன்னாடி எப்படி வந்தீங்க?”

“என்ன உளர்ற?”

“இப்பத்தானே என் பின்னாடி நின்னீங்க. தோள்ல கை வச்சுக்கிட்டு.”

மாமா அவள் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார்.

“தினமும் வேலைக்கு நடுவுல வந்துட்டுப் போறீங்களே. திரும்பிப் பாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுகூட மாமாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. அந்தக் கையை அவள் எவ்வளவு விரும்பியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அவள் பயந்தே செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அந்த அன்பாவது தன் கணக்கில் சேரும்.

“ஆமா, நான்தான். இருட்டுல சும்மா வெளையாடினேன்” என்றார்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆல்பம் வெளிவந்தபோது முதல் நன்றி மாமாவுக்குத்தான். மாமா அன்றிலிருந்து பகலில் வேலைக்குப் போவதில்லை. இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் அந்த அறை வாசலில் காவல் இருக்கிறார்.

போன வாரம் பழைய பதிவுகளைப் பார்க்கும்போது அந்த நாளுடையதைத் திறந்தேன். மைக் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கதவுக்கு வெளியே மாமா “யாருடி உள்ள?” என்று கத்துவது மங்கலாகக் கேட்கிறது.

கதவு உடைவதற்கு ஒரு நொடி முன்னால், உள்ளேயிருந்து பதில் வருகிறது. இந்த முறை கிசுகிசுப்பு இல்லை. நிதானமான குரல். மாமாவின் குரல்.

“அவ புருஷன்.”