என் கையால் விழுந்த ஓட்டு

என் வீட்டுக்காரர் டெல்பர்ட் ஹ்ருஸ்காவுக்குப் பதினேழு வயதிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், எங்கள் ஊர் கோல்டர்வில் பள்ளிக்காக நாற்பத்து நான்காம் எண் சட்டையில், மாநில ஃபுட்பால் அரையிறுதியில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எண்பது கஜம் ஓடினார். அதற்கப்புறம் முப்பத்தாறு வருடம் பருத்தி ஜின்னிங் மில்லில் உழைத்ததும், என்னைக் கட்டிக்கொண்டதும், இரண்டு பெண்களைப் பெற்றதும் அவருக்குச் சும்மா பொழுதுபோக்கு.

சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த ஆஸ்பத்திரியே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. சின்னதாக ஒரு வரிக்கு ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். அதை விட்டால் லபக் நகரம்தான், தொண்ணூறு மைல். அதே தேர்தலில், பள்ளிக்கு எட்டாயிரம் பேர் உட்காரும் புது ஸ்டேடியம் வேண்டுமா என்றும் கேட்டார்கள். ஊரில் இருப்பதே மூவாயிரம் பேர். த்தூ!

ஓட்டுப்பெட்டியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஆட்டம் நடக்கிற மைதான வாசலில், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில். பாண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது, ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறது. அங்கே நின்றுகொண்டு எவன் ஆஸ்பத்திரியை நினைப்பான்?

கண் தெரியாதவருக்குத் துணைக்கு வந்தவர் ஓட்டுக் குறிக்கலாம். ஆனால் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். ஓட்டு மேசைக்குப் பின்னால் இருந்த நார்மா டீல் என்னோடு படித்தவள்தான். முன்பின் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கையைத் தூக்கு லியோனா. அவர் சொல்றதைத்தான் குறிப்பேன், இப்படிப் போடுங்க அப்படிப் போடுங்கன்னு வாயைத் திறக்க மாட்டேன், சொல்லு" என்றாள். சொல்லித் தொலைத்தேன்.

தடுப்புக்குப் பின்னால் போனோம்.

"ஸ்டேடியத்துக்கு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? வேணும்னு போடு!"

"ஆஸ்பத்திரி வரிக்கு?"

"வேண்டாம்னு போடு. ஒரு காலத்துல தனி நாடா இருந்த மாநிலம்டி நம்மளது. வரி கேட்டா பல்லை இளிச்சுக்கிட்டுக் குடுக்கறதுக்கு வேற மாநிலத்துக்காரன் இருக்கான்."

ஸ்டேடியம் மட்டும் ஆகாயத்திலிருந்தா விழும், அதற்கும் வரிதானே மனுஷா! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். பேனா 'வேண்டும்' கட்டத்தின் மேல் நின்றது. அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் ஒரு மனுஷனுடைய ஓட்டைத் திருடுகிற அளவுக்கு நான் தரம் கெட்டவள் இல்லை. 'வேண்டாம்' என்றே குறித்தேன். என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்டேடியம் அமோகமாக ஜெயித்தது. ஆஸ்பத்திரி ஒன்பது ஓட்டில் தோற்றது. பிப்ரவரியில் கதவுக்குப் பலகை அடித்துவிட்டார்கள்.

இரண்டு வருடமாக லபக்குக்கு வாரம் மூன்று நடை, நான்தான் ஓட்டுகிறேன். திரும்புகிற வழியெல்லாம் அவருக்கு வாந்தி. மடியில் பிளாஸ்டிக் வாளி.

போன மாதம் ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். அதன் முன்சுவரில் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். லபக் போகிற வழியில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"லியோனா, நம்ம பேரைப் போட்டிருக்கானுங்களா பாரேன்."

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது வரி, முழங்கை நீளப் பித்தளை எழுத்து: டெல்பர்ட் ஹ்ருஸ்கா, 44.

இந்தத் தடவை கையைத் தூக்கச் சொல்ல நார்மா இல்லை.

"இல்லைங்க" என்றேன். "உங்க பேரை விட்டுட்டாங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.