கிளட்ச் இல்லாத லாரி

தசரதனுக்கு இடது கணுக்கால் மடங்காது. எண்பத்தாறில் சுங்குவார்சத்திரம் வளைவில் நெல் லாரி கவிழ்ந்தபோது நசுங்கிய கால். எலும்பு சேர்ந்தது, மூட்டு இறுகிவிட்டது. நடக்கலாம், கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இரண்டு வருஷம் வல்லக்கோட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ரோட்டில் லாரி போனால் சத்தத்தை வைத்தே கியரைச் சொல்வார். "செகண்டுக்கு எறங்குடா, இன்ஜின் திணறுது பாரு" என்று சுவரைப் பார்த்துத் திட்டுவார். மனைவி மரகதம் காதில் விழாதவள் போல அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

அப்போதுதான் ஒரகடம் பக்கம் கல்குவாரி வைத்திருந்த இராமச்சந்திரன் துறைமுக ஏலத்தில் ஒரு பழைய வெளிநாட்டு டீசல் டிப்பரை எடுத்து வந்தார். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கீழே இரண்டே மிதி, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும். குவாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடும், அகலமான பிரேக்கில் போய் இறங்கும், நெற்றி கண்ணாடியில் மோதும். மூன்று பேருக்கு நெற்றி வீங்கியது. நாலாவதாக தசரதனைக் கூப்பிட்டார்கள். அவருடைய இடது கால் எதையும் தேடவில்லை.

"யோவ் தசரதா, ரெண்டு நொண்டிக்கும் நல்ல ஜோடிப் பொருத்தம்யா" என்றான் குவாரி மெக்கானிக் சுப்பிரமணி.

"ஜோடி சேந்தாச்சு. நீ தாலி எடுத்துக் குடு, போதும்" என்றார் தசரதன்.

மகள் எழிலரசிக்கு அப்பா என்றதும் நினைவில் வருபவர் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான். தினமும் காலையில் இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் பார்ப்பார். பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். இருபது வருஷப் பழக்கம் அது.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் வண்டி வழுக்கத் தொடங்கியது. பள்ளத்திலிருந்து லோடோடு மேடேறும்போது இன்ஜின் கத்தும், சக்கரம் நகராது. பிறகு திடீரென்று இடித்துப் பிடிக்கும். தசரதன் முதலாளிக்குத் தெரியாமல் சமாளித்தார். காலை லேசாக எடுத்து, பிடித்ததும் மெதுவாக அழுத்தி மேலேற்றுவார். ஒருநாள் பாதி மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. அதன் பிறகு மறைக்க முடியவில்லை.

சுப்பிரமணி கீழே படுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "இதுக்குள்ள இன்னா கீதுன்னே தெரியல மொதலாளி. தொறந்தா மூடத் தெரியாது."

"வெள்ளிக்கெழம காயலான்கடை ஆளு வரான்" என்றார் இராமச்சந்திரன். "எடைக்குப் போட்டுறலாம்."

எழிலரசி அப்போது டிப்ளமோ முடித்து, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தாள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பராமரிப்புப் பிரிவு. அந்த வண்டிகளுக்கும் கிளட்ச் மிதி கிடையாது. அம்மா தகவல் சொல்லி அனுப்ப, புதன்கிழமை லீவு போட்டு, சிங்கபெருமாள் கோயிலில் பஸ் மாறி நேரே குவாரிக்கு வந்தாள்.

"கியர்பாக்ஸ் ஆயில் பாத்தியாப்பா?"

"என்னையா கேக்கற? இந்தா பாரு." கம்பியை எடுத்து நீட்டினார். "மார்க்குக்கு மேலயே நிக்குது."

"சரி, ஸ்டார்ட் பண்ணு."

"எதுக்கு? பாத்தாச்சே."

"பண்ணுப்பா. சூடாவட்டும்."

கால் மணி நேரம் ஓடியது. பிரேக்கை மிதித்தபடியே லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினாள். நுனியில் ஒரு சொட்டு இருந்தது. மேலே முழுக்கக் காய்ந்த இரும்பு. அந்தச் சொட்டும் இருக்கவேண்டிய சிவப்பில் இல்லை. காப்பி நிறத்தில் கருகல் வாடை அடித்தது.

தசரதன் இறங்கி வந்து கம்பியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இன்ஜின் நின்னா மேல இருக்கற ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சுடும்பா" என்றாள். "அப்ப பாத்தா நெறஞ்ச மாதிரி தெரியும். இத ஓடும்போதுதான் பாக்கணும்."

"அப்போ மூணு வருசமா அந்தக் கம்பி எங்கிட்டப் பொய் சொல்லிகினு இருந்துதா?"

"கம்பி பொய் சொல்லல. நீ கேட்ட நேரம் தப்பு."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இன்றும் அவளுக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது.

கியர்பாக்ஸ் ஆயில் சூடு தணிய ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் மூட்டில் கசிவு இருந்தது. மறுநாள் அதை மாற்றினாள். ஃபோர்க்லிஃப்ட் ஆயில் விற்கும் கடையிலிருந்து அந்த வண்டிக்கு ஒத்துவரும் சிவப்பு ஆயிலை வாங்கி வந்தாள். பழையதை வடித்துவிட்டு ஊற்றினாள். வடித்ததில் பொடி இருந்தது. உள்ளே கியரைப் பிடிக்கும் தட்டுகள் தேய்ந்து கருகியிருக்கின்றன என்று அர்த்தம். அதை ஆயிலால் திருப்பித் தர முடியாது.

"மொதலாளி கேட்டா குழாய் லீக்குன்னு சொல்லு. பொய் இல்ல" என்றாள். தசரதன் கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினார்.

வெள்ளிக்கிழமை காயலான்கடைக்காரர் பீடியோடு காத்திருந்தார். பாதி லோடு ஏற்றினார்கள். வண்டி வழுக்காமல் மேலே வந்தது. முழு லோடு ஏற்றியபோது முக்கால் மேட்டில் இன்ஜின் கத்தியது. தசரதன் பிரேக்கைப் பிடித்து, அங்கேயே கல்லைக் கொட்டிவிட்டு, மெதுவாக மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏலத்துல வித்தவன் கெடுத்த வண்டிய நம்ம தலையில கட்டிட்டான்" என்றார் இராமச்சந்திரன்.

எழிலரசி அப்பாவைப் பார்த்தாள். அவர் சும்மா இருந்தால் போதும், பழி விற்றவன்மேல் போய்விடும்.

தசரதன் இறங்கினார். "அவன் கெடுக்கல மொதலாளி. நாந்தான். ஆயில் பாக்கத் தெரியாம பாத்தேன். குழாய் ஒழுவினது எனக்குத் தெரியல. உள்ள கருகிப்போச்சு."

சுப்பிரமணிகூடக் கேலி செய்யவில்லை. கிரஷர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இராமச்சந்திரன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "சமதரையில ஓடுமாம்மா?"

"சின்ன லோடுன்னா ஓடும் சார். மேடு கூடாது."

"கல்லு வேணாம். மேல சின்ன டாங்கி வெச்சுக்கலாம். ரோட்ல புழுதி அடங்கத் தண்ணி தெளிக்கட்டும்."

"டிரைவரு?" என்று கேட்டார் தசரதன்.

"வேற எவன்யா அதுல ஒழுங்கா ஒக்காந்தான்?"

அந்தத் தண்ணீர் லாரி நான்கு வருஷம் ஓடியது. ஒரகடம் ரோட்டின் செம்மண் நனைந்து எழும் வாசனையோடு, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு அப்பா போவார். எதிரே வரும் பஸ் டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவரும் திருப்பி அடிப்பார், தேவையைவிட நீளமாக. சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது எழிலரசி குவாரி முனையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, அவர் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். நடந்தாலே சீக்கிரம் போயிருக்கலாம்.

இப்போது அந்த ரோடு ஆறு வழி. குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

போன தை மாதம் அப்பாவின் இறப்பைப் பதிவு செய்யப் போனாள். படிவத்தில் தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. "வயசானவரு, கால் வேற சரியில்லன்னு சொல்றீங்க. வேலை இல்லன்னு போட்டுறவா?" என்று கேட்டார் எழுத்தர்.

எழிலரசி பேனாவை வாங்கி, லாரி ஓட்டுநர் என்று தானே எழுதினாள்.